கடலை இலை மஞ்சளாவதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன வேலை?

பெருந்துறைப் பக்கம் சுண்ணாம்பு மிகுந்த சுக்கான்கல் மண்ணில் கடலை போட்டிருக்கீங்க. கொழுந்து இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். இரும்புச்சத்துக் குறை என்றால் பச்சையம்தானே பாதிக்கும், செல்லில் சுவாசித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எங்கே வந்தது என்று கேட்கிறீங்க.

இலையிலுள்ள இரும்பில் பெரும்பங்கு பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தில்தாங்க. ஆனால் சுவாசத்துக்கும் இரும்பு வேணும். மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றும் முதல் கூட்டுப்புரதத்தில் மட்டும் 8 இரும்பு-கந்தகக் கொத்துகள் உண்டு. அவற்றைக் கட்டும் பட்டறையும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கு. இரும்பை உள்ளே கடத்தும் புரதத்தை முற்றாக இழந்த நெல் பிழைக்காது என 2011-இல் காட்டினார்கள். மிஞ்சினாலும் வம்பு: கட்டில்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து செல்லைச் சிதைக்கும். அதைப் பூட்டி வைக்க ஃபெரிட்டின் என்ற புரதம் இருக்கு.

நம்ம மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பால் கரையாமல் கிடக்கு. கடலை வேர் புரோட்டானை வெளியே தள்ளி, சுற்றியுள்ள மண்ணைப் புளிப்பாக்கித்தான் அதைக் கரைக்கும். அதற்கான ஆற்றலை, அதாவது ஏடிபியைத் தருவது பெரும்பாலும் வேரின் மைட்டோகாண்ட்ரியா (தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாவிட்டால் மஞ்சள் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்). கரைந்த இரும்பைத் தண்டு வழியே மேலேற்றும் சிட்ரேட்டும் அங்கே உருவாவதுதான். மண்ணில் கொட்டினால் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சுண்ணாம்பால் கரையாமல் போகும்; அதனால் அங்கே கொட்டாதீங்க. சிட்ரிக் அமிலம் கொஞ்சம் கலந்து இலையில் தெளிங்க.