தசமபாகத்திலிருந்து சித்தி மகளுக்கு ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: என் சம்பளம் 28,000 ரூபாய். மாதாமாதம் அதில் பத்தில் ஒரு பங்கான 2,800 ரூபாயைச் சபைக்குத் தசமபாகமாகக் கொடுக்கிறேன். சித்தப்பா தவறிவிட்டார், மகளின் நர்சிங் படிப்புக்குச் சித்தி உதவி கேட்கிறார். தசமபாகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா? "அது கர்த்தருடைய பணம், தொடாதீர்கள்" என்கிறார் பாஸ்டர்.

பதில்: கொடுக்கலாம். உபாகமம் 14:28, 29-ஐ எடுத்து வாசியுங்கள். மூன்றாம் வருஷத் தசமபாகம் ஊர் வாசலிலேயே வைக்கப்பட்டது. லேவியன் (ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தான்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை என எல்லாரும் வந்து அதில் சாப்பிட்டார்கள். விதவையின் பங்கு பத்தில் ஒன்றுக்கு உள்ளேயே இருந்தது. 'தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்' என்கிற மல்கியா 3:10-ஐ மேடையில் அடிக்கடி கேட்கிறோம். விதவைகளையும் கூலிக்காரரையும் ஒடுக்குகிறவர்களைக் கண்டிக்கும் 3:5-ஐ ஏனோ அவ்வளவாகக் கேட்பதில்லை.

மாற்கு 7:9-13 இன்னும் நெருக்கமானது. 'கொர்பான்', அதாவது காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். சித்தி பெற்ற தாய் இல்லைதான். ஆனால் குடும்பத்தில் விதவைகள் இருந்தால் விசுவாசிகளே தாங்க வேண்டும், அந்தப் பாரத்தைச் சபைமேல் வைக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:16 சொல்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். உபாகமம் சொல்லும் அந்த வரிசையில் முதலில் நிற்பவன் லேவியன், அவனுக்கு நிலமில்லை. காணிக்கையை நம்பியே குடும்பம் நடத்தும் சின்ன சபை ஊழியராக உங்கள் பாஸ்டர் இருந்தால், 2,800-ஐயும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். படிப்பு முடியும்வரை பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். பாஸ்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: மீதி 25,200 ரூபாயில் கொஞ்சம்கூட எடுக்க முடியாதா? வாடகை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று உண்மையிலேயே இடமில்லை என்றால் சரி. பைக்கை மாற்றுவதற்காகச் சேர்க்கிற பணம் இருந்தால், சபைப் பங்கில் கைவைக்கும் முன் அதிலிருந்து எடுங்கள். பத்தில் ஒன்றைக் கொடுத்ததோடு ஏழைக்கான கடமை முடிந்தது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

பணத்தைச் சித்தி கையில் கொடுங்கள். திருப்பிக் கேட்க மாட்டீர்கள் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கூசும். ஜெபக் கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று மத்தேயு 6:3 இருக்கிறது, தவிர சித்தியின் மகளும் அதே கூட்டத்துக்கு வருவாள்.