கத்திரி வெயிலில் செடி வேண்டாம், மண்ணைப் பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கேட்டிலிருந்து வாசற்படி வரை, காம்பவுண்ட் சுவரை ஒட்டி 18 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. மாமியார் இருந்தவரை பூவும் துளசியுமாக இருந்த இடம். வீட்டை இடித்துக் கட்டியபின் ஐந்து வருடமாக யாரும் கவனிக்கவில்லை. எங்கும் கோரை. இரண்டு குரோட்டன்ஸ் குச்சியாகிவிட்டது, ஒரு இட்லிப்பூ மஞ்சளடித்து நிற்கிறது. மேற்குப் பார்த்த வாசல். போர் தண்ணீர் உப்பு. 3000 ரூபாய்தான் செலவழிக்க முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகிறேன், என்னென்ன செடி வாங்கலாம்?”

இந்த ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அம்மா. சித்திரை முடியப் போகிறது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இவை. போதாததற்கு, மேற்கு வெயிலில் காய்ந்த சுவர் ராத்திரி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடி அங்கே ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். ஆடியில் நடலாம். அதுவரை நேரமும், உங்கள் பணத்தில் பாதிக்கு மேலும் மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

முதலில் கோரை. மண்வெட்டியால் கொத்திவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். ஒரு கோரையைப் பிடித்து மெல்லத் தோண்டிப் பாருங்கள். கம்பி மாதிரி மெல்லிய வேர்த்தண்டில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்குகள் மணி கோர்த்ததுபோல் வரும். நகத்தால் கீறினால் நலங்கு மாவு வாசனை அடிக்கும், அதில் சேர்க்கிற கோரைக்கிழங்குதான் இது. சங்கிலி முழுசாக இருக்கும்வரை நிறைய கிழங்குகள் முளைக்காமல் தூங்கும். வெட்டி அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைத்துவிடும். அதனால் முன்தினம் லேசாகத் தண்ணீர் விட்டு, கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்து, கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். பொறுக்கியதை மாடித் தரையில் பரப்பினால் கத்திரி வெயில் ஒரு வாரத்தில் சுண்ட வைத்துவிடும். பெயர்த்த மண்ணையும் கட்டியும் கரடுமாக அப்படியே காய விடுங்கள். விவசாயிகள் கோடை உழவு போடுவதும் இதற்குத்தான். பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று. அதற்கப்புறமும் கொஞ்சம் முளைக்கும், அவ்வப்போது பிடுங்கினால் போதும்.

தோண்டும்போது சிமெண்ட் பூச்சுத் துண்டு, சுண்ணாம்புக் கட்டி, ஜல்லி எல்லாம் வரும். ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். உங்கள் இட்லிப்பூ மஞ்சளானதற்குக் காரணம் அவைதான் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து அதில் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மண் பரிசோதனையும் செய்ய விரும்பினால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். போர் தண்ணீர் ஒரு பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆனி கடைசியில் நன்றாக மக்கிய சாணி எருவை 2 அங்குலம் பரப்பிக் கொத்திவிடுங்கள். உங்கள் பாத்திக்கு 12 கன அடி பிடிக்கும், சிமெண்ட் சாக்கில் சுமார் 10 மூட்டை. பச்சைச் சாணி வேண்டாம். கணியம்பாடி, காட்பாடி பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டு ஆட்டோவில் ஏற்றி வந்தால், பாக்கெட் எருவைவிட மலிவாக முடியும். சுவரை ஒட்டி அரை அடி விட்டுவிடுங்கள், அங்கே மண் குவிக்கக் கூடாது.

இனி செடி. பத்து வகையில் ஒவ்வொன்று வாங்கினால் பாத்தி நர்சரி கடை மாதிரி இருக்கும். நாலு வகை போதும், அதையே திரும்பத் திரும்ப நடுங்கள். பின்வரிசையில் மூன்றரை அடிக்கு ஒன்றாக ஐந்து நந்தியாவட்டை, நடுவில் டிசம்பர் பூ, முன்னால் நித்தியகல்யாணியும் இடையிடையே டேபிள் ரோஸும். நந்தியாவட்டையும் டிசம்பர் பூவும் குச்சியில் வரும். தெருவில் யார் வீட்டிலாவது கேட்டு, பென்சில் கனத்தில் அரை அடிக் குச்சிகளாக வெட்டி, அடியில் ஓட்டை போட்ட பால் கவரில் நட்டு நிழலில் வையுங்கள். டேபிள் ரோஸைக் கிள்ளி நட்டாலே போதும். அரளி இந்த வெயிலுக்கு அருமையான செடிதான், ஆனால் முழுக்க விஷம். சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வாசலில் நான் வைக்க மாட்டேன். மூலையில் இடம் இருந்தால் இரண்டு இலவம்பாடி முள் கத்தரி வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துக் காய், வாசலில் இருந்தால் அதுவும் அழகுதான்.

உப்புத் தண்ணீரை தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், இலையும் கருகும். செடி பிடித்த பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை வேரடியில் நிறைய விடுங்கள். செடிகளுக்கு நடுவே வேர்க்கடலைத் தோலை மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் பக்கம் கடலை உடைக்கும் மில்லில் ஒரு மூட்டை கேட்டால் கிடைக்கும். மாடித் தண்ணீர் இறங்கும் பைப்பை ஐப்பசிக்குள் பாத்தி பக்கம் திருப்பிவிட்டால், அடைமழை அந்த உப்பைக் கீழே கழுவி இறக்கிவிடும். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரை மட்டும் விட வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

அந்த இட்லிப்பூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு அதன் வேரைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் தோண்டுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. ஆடி மழை விழுந்ததும் வேர்மண்ணோடு பெயர்த்து, செம்மண்ணும் எருவும் கலந்த பெரிய தொட்டியில் வைத்துக் குடிதண்ணீர் விடுங்கள். துளிர் பச்சையாக வருகிறதா என்று எழுதுங்கள்.