ஒரு பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு வைத்து 8 வயதுக் குழந்தைக்கு மின்சாரத்தை எப்படிப் புரியவைப்பது?

1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, பிளாஸ்டிக் உறையுள்ள ஒயர் இரண்டு துண்டு போதும். ஒயர் முனைகளில் 2 செ.மீ. உறையைச் சீவிவிடுங்கள். பேட்டரிகளை ஒன்றன் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடும்படி வரிசையாக ஒட்டுங்கள்.

விளக்கம் சொல்லாமல், "எரிய வை பார்ப்போம்" என்று கொடுத்துவிடுவதே நல்லது. பெரும்பாலும் இரண்டு ஒயரையும் பல்பின் அடிமுனையிலேயே வைப்பார்கள், எரியாது. மின்சாரம் அடிமுனை வழியே ஏறி, இழையைக் கடந்து, பக்கவாட்டு உலோக உறை வழியே வெளியேற வேண்டும். ஆகவே ஒரு ஒயர் அடியில், மற்றது பக்கத்தில். லென்ஸ் வைத்து இழையைக் காட்டுங்கள்: முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் சுருள். அது 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி ஒளிர்கிறது. உள்ளே ஆக்ஸிஜன் இல்லாததால்தான் எரிந்துபோவதில்லை.

"பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது" என்ற எண்ணம்தான் பிடிவாதமானது. இன்னொரு ஒயர் துண்டு எடுத்து, அதே ரக இன்னொரு பல்பை முதல் பல்புக்கு அடுத்ததாக, ஒரே பாதையில் வரும்படி வரிசையில் சேருங்கள். இரண்டும் மங்கலாக, ஆனால் ஒரே அளவில் எரியும். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றிருந்தால் இரண்டாவது இன்னும் மங்கியிருக்கும்.

பல்பு இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்தால் ஒயர் சுடும், உடனே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியும் சுவர் பிளக்கும் இந்த விளையாட்டில் கூடவே கூடாது.