ஒரு படத்தை எப்படிக் கைமாற்றுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் ஞாயிறு இரவுகளில் ஒரு வீட்டில் கூடிப் படம் பார்க்கிறோம். எல்லோரும் கொண்டாடிய படங்களை ஏறக்குறைய முடித்துவிட்டோம். அதிகம் பேசப்படாத நல்ல தமிழ்ப் படங்கள் பத்து சொல்ல முடியுமா? நான் சொல்லும் படங்கள் எடுபடுவதில்லை. பாதியிலேயே போனை எடுத்துவிடுகிறார்கள்.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

பத்து வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், வருகிற ஞாயிறே பாருங்கள்: இயக்குநர் மணிகண்டனின் 'குற்றமே தண்டனை'.

2015இல் அவருடைய 'காக்கா முட்டை' வந்தது, ஊரே கொண்டாடியது. 2016 செப்டம்பரில் 'ஆண்டவன் கட்டளை'யும் வந்து மனதில் நின்றது. அதே செப்டம்பரின் தொடக்கத்தில் வந்த இந்தப் படம்தான் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விதார்த் நடித்த ரவிக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். அவன் கண் வழியாகக் காட்டும் இடங்களில் திரை இருண்டு, நடுவில் ஒரு சின்ன வட்டம் மிஞ்சுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறதென்று பார்க்க நம் கழுத்தும் தன்னால் திரும்பும். எதிர்வீட்டில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். இவனுக்குத் தெரிந்ததை போலீஸிடம் சொல்லலாம். ஆனால் கண் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பேரம் பேசத் தொடங்குகிறான். கெட்டவன் என்று அவனை ஒதுக்கவும் முடியாது, பாவம் என்று விட்டுவிடவும் முடியாது. பாட்டே கிடையாது. இளையராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். இதற்காக ஒருமுறை தனியாகவும் பார்க்கலாம்.

அடுத்து லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). துண்டு நிலம் வாங்க ஆசைப்படும் ஒரு சுமைகூலியின் கதை. நிதானமாகத்தான் நகரும், அதைப் பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' (1982). ரகுவரன் அறிமுகமான படம், பாட்டெல்லாம் பாரதியார். 'காக்கைச் சிறகினிலே' தெரியாதவர் இல்லை, படத்தைப் பார்த்தவர்தான் குறைவு.

போன் விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆசையில் "உலகத் தரம், வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கணும்" என்று ஏற்றிவிடுகிறோம். கேட்பவர் படம் பார்க்க உட்காருவதில்லை, மார்க் போட உட்காருகிறார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள், அதுவும் பாதி வரைக்கும். 'குற்றமே தண்டனை'க்கு, "ஓரப் பார்வை இல்லாத ஒருத்தன்தான் கொலைக்குச் சாட்சி" என்றாலே போதும். ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறு இரவுக்கு அது முக்கியம். படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்த நெருக்கடியில்தான் பலர் போனை எடுக்கிறார்கள்.

ரவி மீதான பரிவு யாருக்கு எந்த இடத்தில் விட்டுப்போனது என்று பார்த்து முடித்ததும் கேட்டுப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.