பேசல் கேங்கிலியா: கேள்வி பதில்

கையை அசைக்கச் சொல்லி உத்தரவிடுவது பேசல் கேங்கிலியாதானே?

இல்லை. உத்தரவு மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியிலிருந்து வருகிறது. மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக்கூட்டங்களான பேசல் கேங்கிலியாவில் கிடைப்பது அனுமதி. அவற்றில் ஒன்றான உட்புற குளோபஸ் பாலிடஸ் ஓயாமல் துடித்து, புறணிக்குச் செய்தி அனுப்பும் தலாமஸை அடக்கியே வைத்திருக்கிறது. தம்ளரை எடுக்க நினைத்தால், இன்னொரு கூட்டமான ஸ்ட்ரையேட்டம் அந்தப் பாலிடஸின் வாயை ஒரு கணம் அடைக்கிறது; தலாமஸ் விடுபடுகிறது, கை நீள்கிறது. இதற்கு உதவும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வற்றினால் பிடி தளர்வதில்லை. அதுதான் பார்க்கின்சன். மாறாக, பாலிடஸைத் தூண்டிவிடும் சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு பக்கம் சேதமானால் எதிர்ப்பக்கக் கைகால்கள் தாமாகவே வீசி அடிக்கும்.

டோபமைனையே மாத்திரையாக விழுங்கினால் என்ன?

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. லெவோடோபா தாண்டும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1961இல் வியன்னாவில் பிர்க்மேயரும் ஹோர்னிகீவிச்சும் அதை நோயாளிகளுக்கு ஊசியில் செலுத்திப் பலன் கண்டார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

கைப்பேசியைத் தள்ளிவைத்து 'டோபமைன் விரதம்' இருக்கலாமா?

தாராளமாகத் தள்ளிவையுங்கள். ஆனால் விரதத்தால் டோபமைன் குறைவதுமில்லை, சேமிப்பில் சேர்வதுமில்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். வாசலில் கால் ஒட்டிக்கொள்கிறது, படிக்கட்டில் மட்டும் சரளமாக ஏறுகிறார். நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. பழகிப்போன நடையைத் தானாக நடத்தும் பாதைதான் பழுது. படியின் விளிம்பு கண்ணில் படும்போது வேறொரு பாதை கைகொடுக்கிறது. வாசலருகே தரையில் குறுக்குக் கோடுகளாக நாடா ஒட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குப் பலன் தருகிறது. மாத்திரை பலனளிக்கவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தம்ளரை எடுக்கும்போதுதான் கை நடுங்குகிறது. பார்க்கின்சனா?

அதன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கையில் வரும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் பதிலில் ஒரு ஆட்சேபம். பாலிடஸ்தான் பிடி என்றால், அறுவையில் அதன் ஒரு பகுதியை அழித்தவர்களுக்கு வேண்டாத அசைவுகள் பெருக வேண்டுமே? குறையத்தானே செய்கின்றன?

அபாரமான கேள்வி. நரம்பியலாளர்கள் மார்ஸ்டனும் ஒபேசோவும் 1994இல் இதே முரணைத்தான் எழுப்பினார்கள். துடிப்பின் வேகத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. துடிப்பு எந்த ஒழுங்கில் வருகிறது என்பதும் முக்கியம். தாறுமாறான செய்தியைவிட, செய்தியே வராமலிருப்பதைப் புறணி எளிதாகச் சமாளிக்கிறது.

அப்படியானால் 'நேர்ப்பாதை விடுவிக்கும், மறைமுகப் பாதை தடுக்கும்' என்ற பாடநூல் படமே பொய்யா?

பொய்யல்ல, அரைகுறை. ஸ்ட்ரையேட்டத்திலிருந்து பாலிடஸுக்கு நேராகப் போவது நேர்ப்பாதை; சப்தலாமிக் நியூக்ளியஸ் வழியாகச் சுற்றிப் போவது மறைமுகப் பாதை. 2013இல் எலிகளில் பார்த்தபோது, அசைவு தொடங்கும் நேரத்தில் இரண்டு பாதைகளும் சேர்ந்தே விழிக்கின்றன. ஒன்று வேண்டியதை விடுகிறது, மற்றது போட்டியிடும் அசைவுகளைத் தடுக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், எழுதுங்கள், பார்ப்போம்.

டோபமைன் விரதம் எத்தனை நாள் இருக்க வேண்டும்?

மேலே மூன்றாவது பதில்.