மெடிசின் கிடைக்காத மகள் பங்கசு படிக்கப் போறாவாம், விடலாமா?

அக்கா, உங்கட மெசேஜ் முழுக்க வாசிச்சன். ஏஎல் சோதனையை ரெண்டாந்தரம் (செகண்ட் ஷை) எடுத்தும் மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற புள்ளி) காணாது, மகள் மூண்டாந்தரம் எடுக்க மாட்டன், பயோலொஜிக்கல் சயன்ஸ் செய்து நிர்ப்பீடனப் (உடம்பு நோயை எதிர்க்கிற சக்தி) பக்கம் போய் பங்கசு (பூஞ்சணம்) வருத்தங்களில ரிசேர்ச் செய்யப்போறன் எண்டு நிக்கிறா, வெள்ளவத்தைச் சொந்தக்காரர் எல்லாம் "பூஞ்சணம் படிச்சு என்ன வேலை" எண்டு கேக்கினம். பிள்ளையைக் கட்டாயப்படுத்தி தேர்ட் ஷைக்கு இருத்தாதேங்கோ, அவ கேக்கிறது சின்ன விஷயமில்ல.

ஏஎல் பயோவில தின்குழியம், அதாவது கிருமியை விழுங்குற கலம், படிச்சிருப்பா. 1884ல மெச்னிக்கோவ் எண்ட விஞ்ஞானி தண்ணித்தெள்ளு எண்ட சின்னப் பிராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசி மாதிரி இருக்கிற பங்கசு வித்துக்கள் அதின்ர குடலைக் குத்திக்கொண்டு உள்ள போக, கலங்கள் ஓடிவந்து சுத்தி விழுங்குறதைக் கண்டார், 1908ல நோபல் கிடைச்சது. 1996ல ஹோப்மன் எண்ட விஞ்ஞானியின்ர குழு பழ ஈயில நோயை எதிர்க்க உதவுற டோல் எண்ட ஜீன் பழுதானா அஸ்பர்ஜிலஸ் பங்கசு ஈயைக் கொண்டுபோடும் எண்டு காட்டிச்சினம், அவருக்கும் 2011ல நோபல். நிர்ப்பீடனத்தின்ர பெரிய திருப்பம் ரெண்டிலயும் பங்கசு நிக்குது பாருங்கோ.

இப்ப நடக்கிற வேலை இன்னும் ருசியானது. கன்டிடா எங்கட வாயிலயும் குடலிலயும் பேசாம இருக்கிற பங்கசு. அதை மக்ரோபேஜ் எண்ட தின்குழியம் விழுங்கினா சில நேரம் உள்ளுக்கிருந்தே உருண்டை வடிவத்தை விட்டிட்டு நீட்டு இழையா வளந்து, விழுங்கின கலத்தையே கிழிச்சுக்கொண்டு வெளிய வரும். இழை விழுங்கேலாத அளவு நீளமெண்டா நியூட்ரோபில் எண்ட வெள்ளைக் கலம் வேற வழி எடுக்கும், தன்ர டிஎன்ஏயையே வலையா வெளிய எறிஞ்சு பிடிக்கும். கிரிப்டோகொக்கஸ் எண்ட இன்னொரு பங்கசு மக்ரோபேஜுக்குள்ள போய், அதைச் சாகடிக்காமலே திரும்ப வெளிய வந்திடும், ரெண்டும் உயிரோட தங்கட பாட்டில போகும். இது ஏன் எண்டு இன்னும் முழுசா விளங்கேல்ல, மகள் போல பிள்ளைகளுக்கு அங்கதான் இடமிருக்கு.

ஆருக்கு இது உதவும் எண்டா, கீமோ எடுத்து நியூட்ரோபில் குறைஞ்ச கான்சர் நோயாளிகள், கிட்னி மாத்தினவை, சீனி வருத்தம் கட்டுப்பாட்டில இல்லாதவை. 2021ல இந்தியாவில கொரோனாவோட கறுப்புப் பூஞ்சை எண்டு எவ்வளவு பேருக்குக் கண் போச்சு. பங்கசுக் கலம் எங்கட கலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால அதை மட்டும் கொல்லுற மருந்து செய்யிறது கஷ்டம், மனிசருக்கு ஒரு தடுப்பூசியும் இன்னும் வரேல்ல. 2022ல உலக சுகாதார நிறுவனமே 19 பங்கசுகளை லிஸ்ட் போட்டு ரிசேர்ச் கூட்டச் சொல்லிச்சுது.

இப்ப காசுக் கதை. கொழும்பில இதுக்கு நேரடி வேலை குறைவு, அதை மறைக்கமாட்டன். பொரளை எம்ஆர்ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) பங்கசுப் பகுதி இருக்கு, கம்பஸ்களில விரிவுரையாளர் வேலை இருக்கு, ஆனா இடங்கள் கொஞ்சம். ஆஸ்பத்திரி லேப்பில எம்எல்டியா (இரத்தம், சலம் எல்லாம் பரிசோதிக்கிறவை) வேலை செய்யவேணுமெண்டா பயோலொஜிக்கல் சயன்ஸ் டிகிரி காணாது, மெடிக்கல் லெபோரட்டரி சயன்ஸ் (எம்எல்எஸ்) வேணும், பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுரவில இருக்கு. இதைத் தெரியாம போம் நிரப்பிட்டு நாலாம் வருஷத்தில அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறன். வீட்டுக்கு கெதியா ஒரு சம்பளம் வேணுமெண்டா எம்எல்எஸ்ஸை மேல போடுங்கோ, அதுக்குப் பிறகும் ரிசேர்ச்சுக்குப் போகலாம். வீடு அஞ்சாறு வருஷம் பொறுக்குமெண்டா பயோலொஜிக்கல் சயன்ஸ், அதில மூண்டு வருஷத்தோட நிக்காம நாலு வருஷ ஓனர்ஸ் எடுக்கவேணும், வெளிநாட்டு பிஎச்டிக்கு கேக்கிறதே அந்தக் கடைசி வருஷ ப்ரொஜெக்ட்டைத்தான். இங்கிலாந்தில எக்ஸட்டர் யூனிவர்சிட்டியில பங்கசுக்கெண்டே ஒரு மையம் இருக்கு, நல்ல இடங்களில பிஎச்டி பிள்ளைக்கு ஸ்டைபென்ட் (செலவுக் காசு) குடுப்பினம், நீங்க காணி விக்கத் தேவையில்ல.

யூஜீசீ (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) போம் போட முதல் மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சாய்ஸ் ஓடரை மூண்டு பேரும் இருந்து எழுதுவம். சொந்தக்காரருக்கு பிறகு பதில் சொல்லலாம்.