பலூன் படத்தில் ‘1783’ இருந்தால் போதுமா?

கேள்வி: பாரிஸில் சேன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையில், வெப்பக்காற்று பலூனைக் கண்டுபிடித்த மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் படம் ஒன்று ஃபிரேம் போட்டு விற்பனைக்கு இருக்கிறது. கீழே 1783 என்று அச்சாகியிருக்கிறது. விலை 700 யூரோ. நிபுணர் சான்றிதழும் உண்டு என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். படத்திலுள்ள 1783, பலூன் பறந்த ஆண்டு. படமும் அதே ஆண்டில்தான் அச்சானது என்று அர்த்தமில்லை. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று அந்தச் சகோதரர்களின் பலூனில் பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும் பாரிஸுக்கு மேலே பறந்த காட்சியை நூறு வருடம் கழித்தும் அச்சடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஃபிரேமைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைச் சோதிக்க முடியாது என்பது தரகருக்கு நன்றாகவே தெரியும். பூதக்கண்ணாடியில் வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் இந்தக் காலத்து அச்சு. சாக்பீஸால் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால், கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சு. அதுவே 1790களில்தான் வந்தது. 1783 என்றால் செப்புத்தகட்டு அச்சாக இருக்க வேண்டும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் படத்தைச் சுற்றி விரலில் தட்டுப்படும்.

அப்புறம், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலக் கைக்காகிதத்தில், காகிதம் வார்த்த அச்சின் கம்பிகள் பதிந்த கோடுகள் தெரியும். கோடு இல்லை என்பதற்காகவே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. கோடில்லாத காகிதம் இங்கிலாந்தில் 1750களிலேயே வந்துவிட்டது. பிரான்சில் அதை முதலில் செய்தவர்களில் அனோனே ஊர் ஆலைக்காரர்களும் உண்டு. 1783 ஜூன் 4 அன்று மோன்கோல்ஃபியே சகோதரர்கள் ஊரறியப் பலூனை ஏற்றிக் காட்டியதும் அதே அனோனேயில்தான். அவர்கள் குடும்பத் தொழிலே காகிதம். ஆகவே கோடு இருந்தால் நல்ல அறிகுறி. இல்லாவிட்டால், அதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சான்றிதழை நம்பவே வேண்டாம். பிரான்சில் கலைப்பொருள் நிபுணர் என்று யார் வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொள்ளலாம். தடுக்கச் சட்டம் இல்லை. இத்தனை பேர் ஏமாந்த பிறகும் இதை இப்படியே விட்டுவைத்திருப்பது அநியாயம். ஆனால் பிரான்ஸ் அரசின் 1981 மார்ச் 3 ஆணை உங்களுக்குத் துணை நிற்கும். நீங்கள் கேட்டால், பொருளின் தன்மை, மூலம், பழமை பற்றி வாயால் சொன்னதையெல்லாம் விற்பவர் ரசீதில் எழுதித் தந்தாக வேண்டும். ‘செப்புத்தகட்டு அச்சு, 1783இல் அச்சானது’ என்றே எழுதச் சொல்லுங்கள். ‘18ஆம் நூற்றாண்டு பாணி’ என்று எழுத ஆரம்பித்தால் பணத்தைப் பைக்குள் வையுங்கள். அது எந்த உத்தரவாதமும் இல்லாத வார்த்தை.